கார் நிக்கோபாரில் மலை கிடையாது

போன மாதம் போர்ட் பிளேர் லம்பா லைனில் நடக்கும் நம் கட்டட வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். தொழிலை மகன் கையில் கொடுத்துவிட்டாலும் என் கால் சும்மா இருப்பதில்லை. சிமெண்டு ஷெட்டுக்குள் புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் மூட்டைமேல் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம்தான், அதனால் அதற்குத் திட்டவில்லை. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் படித்தார். அடுத்த இரண்டு பக்கங்களைப் படிக்காமலே புரட்டித் தள்ளினார்.

"என்ன தம்பி, தாவித் தாவிப் போறீங்க?"

"இதுல ஒண்ணுமில்ல சார். ஆறு, மரம், வீடு எப்படி இருந்துச்சுன்னு வர்ணனை. கதை அதுக்கப்புறம்தான் வருது."

அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. விசாரித்துப் பார்த்தேன், நம்மிடம் வேலை பார்க்கிற சூப்பர்வைசர் தம்பிகள் நீங்கள் எல்லாருமே அப்படித்தான் படிக்கிறீர்களாம். சைட்டையும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். பிளானைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு, நிற்கிற நிலத்தைப் பார்க்காமல் நிற்கிறீர்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் பிளானைப் புரட்டுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதையும் தாண்டித் தாண்டிப் படித்தீர்கள் என்றால் வேலைக்கு வராதீர்கள்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்த ஒரு வருடம் மெட்ராஸில் கப்பல் ஏறி, ஜல்லி உடைக்கிற கூலியாகப் போர்ட் பிளேரில் இறங்கினேன். இன்றைக்குப் பத்துபஸ்தியில் உங்களில் பாதிப் பேர் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் நான் நின்று கட்டியது. சுவரில் விரிசல் இருந்தால் வந்து காட்டுங்கள். இதுவரை ஒருவரும் வரவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

நான் வாசிக்கப் பழகியது பொட்டலத் தாளில். அபர்தீன் பஜாரில் ஒரு ராவுத்தர் மளிகைக்கடை வைத்திருந்தார். மெயின்லேண்டிலிருந்து பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வரவழைத்து, அவற்றைக் கிழித்துத்தான் சீனியும் பருப்பும் மடித்துக் கொடுப்பார். அறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் தாளை நான் எடுத்துக்கொள்வேன். பெரும்பாலும் கதையாகத்தான் இருக்கும், அதுவும் நடுவில் ஒரு பக்கம். முன்னால் நடந்தது தெரியாது, பின்னால் நடக்கப்போவதும் தெரியாது. 'அவன்' என்றால் எவன், 'அவள்' அழுகிறாள் என்றால் எதற்கு, ஒன்றும் விளங்காது. அந்தத் தாளில் எனக்கு முழுதாகக் கிடைத்தது இடம் ஒன்றுதான். கிணற்றில் கயிறு போய்க்கொண்டே இருக்கிறதா, பஞ்சகாலம். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறாளா, தெருவில் எவனுக்கோ பயப்படுகிறாள். இப்படி இடத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பேன். அதே கதையின் இன்னொரு தாள் எப்போதாவது பருப்போடு வந்து சேர்ந்தால், நான் நினைத்தது சரியாகவே இருக்கும்.

ராவுத்தர் கேலி செய்வார். "எல்லாரும் பொட்டலத்தப் பிரிச்சா சீனிய நக்குவாங்க. நீ தாள நக்குறியேப்பா."

"அடுத்த தடவ கிழிக்கும்போது கதைய முழுசா விட்டுக் கிழிங்க பாய்."

"முழுக் கதை ஓணும்னா மூட்டையோட சீனி வாங்கு."

அன்று பிடித்த பழக்கம். கதையில் ஓர் இடம் வந்துவிட்டால் அங்கே நின்றுவிடுவேன். இங்கே இருக்கவேண்டியது எது இல்லை, இருக்கக்கூடாதது எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். எழுதுகிறவர் இல்லாத ஊரைக் கட்டட்டும், எனக்கு வழக்கில்லை. நன்றாகக் கட்டினால் நானே குடிபோவேன். இருக்கிற ஊரின் பெயரைப் போட்டுவிட்டு, அந்த மண்ணை ஒரு தடவைகூட மிதிக்காமல் எழுதுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. அது வெறும் கதைதானே என்பீர்கள். அந்த வெறும் கதை ஒரு மனிதனின் காலில் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கார் நிக்கோபாரில் அரசாங்க ஊழியர்களுக்கு வீடு கட்டும் வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். நான் அவரிடம் சூப்பர்வைசர். ஆட்களை எங்கள் பக்கத்திலிருந்தே கூட்டி வந்திருந்தார்கள். ஒருவருக்கும் இந்தி தெரியாது. பர்மிட் இல்லாமல் கிராமங்களுக்குள் போகக்கூடாது என்று சட்டம் இருந்தது. நிக்கோபாரிகளின் நிலத்தை வெளியாட்கள் பறிக்காமல் இருக்கப் போட்ட சட்டம் அது. நம் ஆட்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். உள்ளே போனால் நமக்கு ஆபத்து, அதனால்தான் சர்க்கார் தடுக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மேஸ்திரி முனியாண்டி நல்ல வேலைக்காரன். அவன் கட்டின சுவரில் நூல் பிடிக்கவே தேவையில்லை. கம்பி கட்டுகிற சந்தானம் எட்டாவது வரை படித்தவன், கணீரென்ற குரல். கப்பல் வருகிறபோது பல வாரத்துப் பத்திரிகைகள் சேர்ந்தாற்போல வரும். சாயங்காலம் கொட்டகைக்கு வெளியே சந்தானம் வாசிக்க, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கதை நடப்பது கார் நிக்கோபாரில். பெயரைப் போட்டே எழுதியிருந்தார் அந்த மகானுபாவர். கப்பல் உடைந்து கதாநாயகன் கரை ஒதுங்குகிறான். மலை உச்சியில் ஏறிப் பார்க்கிறான். கீழே காட்டுவாசிகள் தீ மூட்டி ஆடுகிறார்கள், தூரத்தில் நரி ஊளையிடுகிறது. அவனைப் பிடித்து, தழை கட்டிய கூண்டில் போட்டு, பலிகொடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த இடத்தில் 'தொடரும்'.

"சந்தானம், கொஞ்சம் நிறுத்து. எந்த மலை?"

"என்னண்ணே?"

"மலை உச்சின்னு வாசிச்சியே. இந்தத் தீவுல எங்கடா மலை? கடப்பாரைய நட்டுவச்சா அதுதான் இங்க உசரம்."

முனியாண்டி பதில் சொன்னான். "அங்கிட்டு உள்ளுக்குள்ள இருக்கும்ணே. நம்மளத்தான் உள்ள விடமாட்டேங்கிறாங்கள்ல."

"வரும்போது கப்பல்லேர்ந்து பாத்தியே. தோசைக்கல்லு மாதிரி தட்டையா கெடந்துச்சே. அதுலயா மலை ஒளிஞ்சிருக்கு? சரி, நரி? வந்ததுலேர்ந்து ஒரு நாளாவது நரிச் சத்தம் கேட்டியா?"

"கதைன்னா நரி ஊளையிடத்தாண்ணே செய்யும். நீங்க செத்த சும்மா இருங்க. டேய் சந்தானம், அடுத்த வாரத்துப் புத்தகம் இருக்கா பாரு."

கண் முன்னால் கிடக்கிற நிலத்தையே பார்க்காமல் எழுதியவர், அங்கே வாழ்கிற மனிதனை மட்டும் எப்படிப் பார்த்திருப்பார் என்று கேட்டேன். மலை பொய் என்றால் கூண்டும் பொய்தானே என்றேன். ஒருவனும் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரத்துப் புத்தகம் வரவில்லை என்ற கவலைதான் அவர்களுக்கு.

எங்களுக்கு மரம் கொண்டுவந்து போடுகிற பிலிப் என்று ஒரு நிக்கோபாரி இளைஞன் இருந்தான். மிஷன் பள்ளியில் படித்தவன், இந்தி நன்றாகப் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவான். வரும்போதெல்லாம் இளநீர் கொண்டுவந்து வைப்பான். தொடர்கதை ஆரம்பித்தபிறகு அதை ஒருவரும் தொடவில்லை. 'வெளியில சட்டை, உள்ளுக்குள்ள என்னவோ' என்பார்கள். தோப்புப் பக்கம் இருந்த கிணற்றுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்றார்கள். போதாததற்கு அந்தச் சமயம் பக்கத்துக் கிராமத்தில் பன்றித் திருவிழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வளர்த்த பன்றிகளைக் கூண்டில் வைத்து, நீளக் கழி கொடுத்து, தோளில் தூக்கி வருவது அவர்கள் வழக்கம். கூண்டுகளை உறுதியான மரத்தில் கட்டி, பச்சைத் தழையால் சிங்காரிப்பார்கள். வேலி ஓரத்தில் நின்று பார்த்தால் தெரியும். எங்கள் பக்கத்துக்காரனுக்குத் தழை கட்டிய ஒன்றைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? எல்லைக் கோயிலில் வெட்டப்போகிற கிடாய்தான் தோன்றும்.

ஒருநாள் முற்பகலில், உத்தரத்துக்காக அடுக்கியிருந்த மரம் ஒன்று உருண்டு காளிமுத்துவின் வலது பாதத்தில் இறங்கியது. ஊரில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவன் அவன். மரத்தைப் புரட்டியபோது பாதம் பாதமாக இல்லை. துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். கப்பல் வந்திருந்ததால் எங்கள் லாரி சரக்கு ஏற்றப் போய்விட்டது. சாயங்காலம்தான் திரும்பும். ஆஸ்பத்திரி இருந்தது தீவின் தலைமையிடத்தில். குறுக்கே போனால் தோப்பு வழியாக, அந்தக் கிராமத்துக்குள் புகுந்து போகவேண்டும்.

"கட்டிலோட தூக்குங்கடா. நாலு பேரு வாங்க."

ஒருவனும் அசையவில்லை.

"அந்த ஊருக்குள்ள பூந்துதானேண்ணே போகணும்," என்றான் முனியாண்டி. "லாரி வரட்டும்."

"லாரி வர்றதுக்குள்ள இவன் போயிருவாண்டா."

"அங்க போனா எல்லாருமே போயிருவோம்."

வெகுநேரம் கெஞ்சினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கீழே கிடந்தவன் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறான், சுற்றி நின்ற சொந்த ஊர்க்காரன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்கள். மரம் இறக்க வந்திருந்த பிலிப் ஓடிவந்து, "க்யா ஹுவா?" என்று விசாரித்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டும் என்று இந்தியில் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கிராமத்தைப் பார்த்து ஓடினான். பிலிப் ஆள் கூட்டிவரப் போயிருக்கிறான் என்று நம் ஆட்களிடம் சொன்னேன். முனியாண்டி கடப்பாரையைக் கையில் எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் பிலிப், பின்னால் காக்கி அரைக்கால்சட்டை போட்ட கிழவர். ஊர்த்தலைவரைக் கேப்டன் என்பார்கள், அவர்தான் அது. அவர்கள் தோளில் இருந்தது பன்றிக் கூண்டு. ஆள் படுக்கிற நீளத்துக்கு, மேல்பக்கத்தை அவசரமாக வெட்டியெடுத்து, உள்ளே பாய் விரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அடிபட்டவனை அலுங்காமல் தூக்க அதைவிட நல்ல சாமான் அந்தத் தீவிலேயே கிடையாது. யோசித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் ஓரத்தில் கட்டியிருந்த தழையை அவிழ்க்க அவர்களுக்கு நேரமில்லை.

"கூண்டுடா," என்றான் சந்தானம். கதை வாசிக்கிற அதே குரலில்.

முதல் கல் யார் எறிந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அது பிலிப்பின் புருவத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூண்டைக் கீழே வைத்தார்கள். அவர்கள் எல்லாருடைய இடுப்பிலும் தோப்பு வேலைக்கு வைத்திருக்கும் நீளக் கத்தி. ஒரு கை கத்திப் பிடிக்குப் போனது. கேப்டன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்தப் பக்கம் கடப்பாரை, மண்வெட்டி, கல். நடுவில் காளிமுத்து, அவனுக்குப் பக்கத்தில் நான்.

தம்பிகளா, இந்த மாதிரி நேரத்தில் கத்தக்கூடாது. அதற்கு முன்பே நான் கத்தியாகிவிட்டது, பலனில்லை. நியாயம் பேசுவதிலும் பலனில்லை, மலையைப் பற்றிப் பேசித்தான் பார்த்தேனே. அவர்கள் தலைக்குள் அந்த இடம் முழுசாகக் கட்டி முடிந்திருந்தது, கூண்டு வரைக்கும். வார்த்தையால் இடிக்க முடியாது. என்ன செய்தேன் தெரியுமா? நடந்து போய் அந்தக் கூண்டுக்குள் ஏறி, காலை நீட்டிப் பாயில் படுத்துக்கொண்டேன்.

"உடாவோ," என்றேன். தூக்குங்கள் என்று அர்த்தம்.

கேப்டனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. நாலு பேர் குனிந்து தூக்கினார்கள். நான் அப்போதே கொஞ்சம் கனமான ஆள். கேப்டன் இந்தியில், "திருவிழாவுக்கு இவ்வளவு பெரிய பன்றி எங்கள் ஊரில் வளரவில்லையே" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பிலிப்கூட நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னைத் தூக்கிக்கொண்டு சைட்டை ஒரு சுற்றுச் சுற்றி, முனியாண்டியின் காலடியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"என்னடா, பலி குடுத்துட்டாங்களா என்னைய?"

முனியாண்டி கடப்பாரையை மட்டும் கீழே போட்டான்.

காளிமுத்துவைப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். ஒரு கழியைப் பிலிப் தோளில் வாங்கிக்கொண்டான். ரத்தம் கன்னம் வழியாக வெளுத்த பனியனில் இறங்க, வழி நெடுக ஒரு தடவைகூடத் தோளை மாற்றவில்லை. நான் பக்கத்தில் ஓடினேன். கிராமத்துக்குள் புகுந்தபோது, தேன்கூடு மாதிரி வட்டமாகக் கால்மேல் நிற்கிற வீடுகளிலிருந்து பெண்கள் இறங்கிவந்து காளிமுத்துவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவன்கூட எங்களோடு வரவில்லை.

உயிர் பிழைத்தான். பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கட்டுப் போட்டு நெடுநேரம் ஆகிவிட்டதே, முதலிலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டர். நான் என்ன சொல்ல? ஒரு தொடர்கதை குறுக்கே வந்துவிட்டது என்றா?

ஆனால் பிலிப்பிடம் சொல்லவேண்டி வந்தது. புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தவன், "உங்கள் ஆட்கள் எதற்குக் கல்லெறிந்தார்கள்? நாங்கள் என்ன செய்தோம்?" என்று கேட்டான்.

"ஒரு கதை," என்றேன்.

"கஹானி?" என்று திருப்பிக் கேட்டான். கோபம் இல்லை, அவனுக்குப் புரியவில்லை. பிறகு, "எங்கள் ஊரைப் பற்றியா? என்ன எழுதியிருக்கிறது?" என்றான்.

மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மலை இருப்பதாக எழுதியிருக்கிறது," என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்தான். தென்னைக்குமேல் வானம்தான் தெரிந்தது. "கிதர்?" என்றான். எங்கே?

அந்த ஒரு கேள்வியை அந்த எழுத்தாளர் எழுதும்போது கேட்டிருக்கலாம். அச்சடித்தவர்கள் கேட்டிருக்கலாம். மலையில்லாத தீவில் உட்கார்ந்து மலைக்கதை கேட்டுக்கொண்டிருந்தவன்களாவது கேட்டிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை. வர்ணனைதானே, தாண்டிப் போகலாம் என்று இருந்துவிட்டார்கள்.

திருவிழா நடந்தது. கேப்டன் எங்கள் கொட்டகைக்கும் கறியும் கிழங்கும் அனுப்பினார். முனியாண்டி கூட்டம் வயிறு நிறையத் தின்றது. கல்லெறிந்தவன் இரண்டு தடவை வாங்கித் தின்றான். ஒருவன் போய்ப் பிலிப்பிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த கப்பலில் பத்திரிகைக் கட்டு வந்தது. கை கழுவிய ஈரம் காயுமுன் சந்தானத்தைச் சுற்றி உட்கார்ந்து, "கூண்டுக்குள்ள இருந்தவன் என்ன ஆனான், அத வாசி" என்றார்கள். கட்டோடு பிடுங்கிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். ஒரு வாரம் என்னோடு ஒருவரும் பேசவில்லை. காளிமுத்து கால் இழந்ததற்கு அவர்கள் அவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், அதில் ஒன்றுமில்லையா, வர்ணனைதானா? நாளைக்கு உங்களை ஹட் பேவுக்கோ கச்சால் தீவுக்கோ வேலைக்கு அனுப்புவார்கள். போகிறதற்கு முன்பே அந்த இடத்தை யாரோ ஒருவர் உங்கள் தலைக்குள் கட்டிவைத்திருப்பார். அதை இடித்துவிட்டு இறங்குங்கள். கதை படிக்கும்போதே இடிக்கப் பழகுங்கள், செலவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எங்கிருந்து வருகிறது, தண்ணீருக்கு எங்கே போகிறார்கள் என்று எழுதியவரை நிறுத்திவைத்துக் கேளுங்கள். பதில் சொல்கிறவர் எழுதியதை நம்பிக் கூடப் போங்கள்.

பல வருடம் கழித்து, எழுபதுகளில், ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப் பக்கம் போனேன். காளிமுத்துவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அவன் கிராமத்துக்குப் போனேன். டீக்கடை பெஞ்சில் இருந்தான். கக்கத்துக் கட்டை பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. சுற்றிலும் ஒரு கூட்டம். நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

"பெரிய அருவி," என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அதுக்குப் பின்னாடி குகை. அங்கதான் என்னையத் தூக்கிட்டுப் போனாங்க. சுத்தி நின்னு ஆட்டம். பெரிய கத்தி ஒண்ண எடுத்து, இந்தக் காலத்தான் மொதல்ல..."

அந்த அருவி தொடர்கதையில்கூடக் கிடையாது. அவன் சொந்தமாகக் கட்டியது.

என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. கட்டையை ஊன்றி எழுந்து, கடைக்குப் பின்பக்கம் என்னை நகர்த்திக்கொண்டு போனான்.

"என்னடா அருவி? எவன்டா உன் கால வெட்டுனான்? ரத்தம் ஒழுக ஒழுக ஒருத்தன் ஒன்னைச் சுமந்தானே, அவன் பேரு ஞாபகமிருக்கா?"

"பிலிப்பு," என்றான் உடனே. "மறப்பனாண்ணே? அப்புறம் பொறந்த மகனுக்கு அந்தப் பேர வைக்கணும்னு வீட்டுல சண்டையே போட்டேன்."

"அப்புறம்?"

"வந்த புதுசுல நடந்ததத்தாண்ணே சொன்னேன். பன்னிக் கூண்டுல பாய விரிச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, பொம்பளைங்க தண்ணி குடுத்தாங்கன்னு. ஒரு வருசம் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. நாங்க படிச்சிருக்கோம், நிக்கோபாரு அப்படி இருக்காது, எதையோ மறைக்கிறேன்னாங்க. குடிச்சுட்டு எங்கயோ விழுந்து கால ஒடைச்சுக்கிட்டு வந்து பொய் சொல்றான்னு பொண்டாட்டி வீட்டுலயே பேசுனாங்க. இதச் சொன்னேன். நம்பிட்டாங்க."

நான் அவனை விட்டுவிட்டு முன்பக்கம் போனேன். பெஞ்சில் மீதிக் கதைக்காக அவனை எதிர்பார்த்து இருந்தவர்களிடம், அந்தத் தீவில் அருவி கிடையாது, குகை கிடையாது, நான் அங்கேயே இருந்தவன், இவனைத் தூக்கிப் போனபோது பக்கத்தில் ஓடினவன், நடந்தது என்னவென்றால் என்று ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் டீ கிளாஸோடு இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரே, குறுக்க பேசாதீங்க," என்றார். "கதை போய்க்கிட்டிருக்கு."